யார் வீட்டுச் சர்க்கரை

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். எனக்கென்று மிச்சம் விட்டுவைத்த ஒரு கிட்னியும் குறையில்லாமல் வேலை செய்கிறது. நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். "சுகம்" என்று ஒற்றை வார்த்தை எழுதி அனுப்பிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி போன் செய்தாள். ஆலையில் முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற காது இது. அவள் என்னவோ சொன்னாள், நான் என்ன என்றேன். மறுபடி சொன்னாள், மறுபடி என்ன என்றேன். கடைசியில் "உன் மாப்பிள்ளைக்குச் சர்க்கரைம்மா" என்று ஒரே கத்தல். எனக்குக் கேட்பதற்கு முன்னால் அடுத்த அறையில் இருந்த என் நாத்தனாருக்குக் கேட்டுவிட்டது. நீங்கள் வானொலி என்று பெயர் வைத்தீர்களே, சரியாகத்தான் வைத்தீர்கள். உலகத்துச் சத்தம் எதுவும் கேட்காத எனக்கு அவள் குரல் மட்டும் கணீரென்று கேட்கிறது. அது என் தலையெழுத்து.

உடனே ஆரம்பித்துவிட்டாள். "உங்க வீட்டுக் கிட்னிதானே அண்ணி. உங்க அப்பாவுக்கும் சர்க்கரை, உங்க அண்ணனுக்கும் சர்க்கரை. கிட்னியோட சேர்த்து அதையும் குடுத்தனுப்பிட்டீங்க போல." சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என்னை நிறுத்தித் துக்கம் விசாரிக்கிறாள்.

மாப்பிள்ளை, என் உடம்பில் சர்க்கரை கிடையாது. ஆஸ்பத்திரியில் என்னைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். நீங்கள் என்னத்தைத் தின்கிறீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
அத்தை

*

மார்ச் 13

அன்புள்ள அத்தைக்கு, மாப்பிள்ளை வணக்கம். உங்கள் மகள் சுகம். நான் முக்கால் சுகம்.

முதலில் வானொலிக்கு ஒரு செய்தி. உங்கள் கிட்னி தங்கம். ஆபரேஷன் நடந்து ஒன்றரை வருஷமாகிறது, டாக்டர்கள் ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டைப் பார்த்து மெச்சுகிறார்கள். சர்க்கரை வந்தது கிட்னியால் இல்லை, மாத்திரையால். உங்கள் கிட்னி என் உடம்புக்கு அந்நியம். விட்டால் உடம்பு அதை அடித்துத் துரத்திவிடும். துரத்தாமல் இருக்கத்தான் தினமும் மாத்திரை. அந்த மாத்திரைகளில் ஸ்டீராய்டும் ஒன்று. கிட்னியைக் காப்பாற்றுகிற அதே கையால் அது சர்க்கரையை ஏற்றுகிறது, கொழுப்பை ஏற்றுகிறது, முகத்தைப் பூரிக்க வைக்கிறது. இன்னொரு மாத்திரையும் அதற்கு ஒத்து ஊதுகிறது.

பசி இருக்கிறதே அத்தை, அதைச் சொல்லி மாளாது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே பசிக்கிறது. லிஃப்ட் ரிப்பேருக்குப் போனால், கூண்டுக்கு அடியில் குழி இருக்கும், அதில் முன்பெல்லாம் எலி மாதிரி நுழைவேன். போன வாரம் வயிறு மாட்டிக்கொண்டது. கூட வேலை பார்ப்பவன் காலைப் பிடித்து இழுத்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தான். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு மிட்டாய்க்கடை முதலாளி நிற்கிறார்.

சர்க்கரைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஊசியாம். ஊசி என்று வந்துவிட்டால் கம்பெனியில் அது வேறு கதை. அதை விடுங்கள்.

என்றும் உங்கள்,
மாப்பிள்ளை

*

மார்ச் 21

மாப்பிள்ளைக்கு, சுகம். சுகம்தானா?

உங்கள் கடிதத்தை வானொலிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "மாத்திரைன்னுதான் சொல்லுவார், மாமியார் மனசு நோகக் கூடாதுன்னு" என்கிறாள். இவளை என்ன செய்வது சொல்லுங்கள். என் வயிற்றைக் கிழித்து எடுத்துக் கொடுத்தது நான். பேச்சு வாங்குவதும் நான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து காபி குடித்துவிட்டுப் போனவள் இவள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மாத்திரைதான் சர்க்கரைக்குக் காரணம் என்றால் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தால் என்ன? ஆலையில் பாவு நூல் விறைத்து அறுந்துகொண்டே இருந்தால் தறியைக் கொஞ்சம் தளர்த்துவோம், நிறுத்த மாட்டோம். ஒன்றரை வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற கிட்னியும் உடம்பும் இதற்குள் பழகியிருக்காதா? பாதி மாத்திரை என்றால் பாதி சர்க்கரை. கணக்கு சரியாகத்தானே வருகிறது. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த தடவை சர்க்கரை இறங்கியதும் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். அவள் வாயை அடைக்க வேண்டும்.

பசித்தால் வெள்ளரிக்காய் தின்னுங்கள்.

அத்தை

*

ஏப்ரல் 24

அத்தைக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். எல்லோரும் சுகம்.

நல்ல சேதி. சர்க்கரை இறங்கத் தொடங்கிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் முன்பு இருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. முகமும் வடிந்திருக்கிறது. குழிக்குள் இறங்கினேன், யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

வானொலிக்கு இதை வாசித்துக் காட்டவும்.

மாப்பிள்ளை

*

மே 2

என் தங்க மாப்பிள்ளைக்கு, அத்தையின் ஆசிகள்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வானொலிக்கு ஒரு தடவை, எதிர் வீட்டுக்காரிக்கு ஒரு தடவை, குழாயடியில் ஒரு தடவை என்று வாசித்துத் தாள் மடிப்பில் கிழிந்தே போனது. வானொலி அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. அவளை மணந்த நாள் முதல் அவள் புருஷனுக்குக் கிடைக்காத பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

எப்படி இறக்கினீர்கள்? நடக்கிறீர்களா? டாக்டர் வேறு மாத்திரை மாற்றினாரா? அவரிடம் பேசினீர்களா, அவர் என்ன சொன்னார்? ஒன்றுமே எழுதவில்லையே. நல்ல சேதியை இப்படிக் கஞ்சத்தனமாகவா எழுதுவது? உங்கள் மனைவியும் ஒரு வரி எழுதினால் குறைந்து போவாளா?

விவரமாகப் பதில் எழுதுங்கள். குழாயடியில் கேட்கிறார்கள்.

அத்தை

*

ஜூன் 6

அத்தைக்கு, சுகம். சர்க்கரை இன்னும் இறங்கியிருக்கிறது. சொல்லும்படியாக வேறு ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்கு அச்சகத்தில் பாடப்புத்தக வேலை, வீட்டுக்கு வருவதற்கே நேரமாகிறது. அதனால்தான் எழுதவில்லை.

கம்பெனியில் புது ஷூ கொடுத்தார்கள். ஒரு அளவு சின்னதாக வந்துவிட்டது போல, சாயங்காலம் கழற்ற முடியவில்லை. அடுத்த வாரம் கம்பெனியில் எல்லோருக்கும் வருடாந்தர உடல் பரிசோதனை. அது முடிந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை

*

ஜூன் 14

மாப்பிள்ளைக்கு.

மின்சார பில்லில்கூட இதைவிட அதிக வரி இருக்கிறது. நான் கேட்டது ஐந்து கேள்வி, நீங்கள் எழுதியது ஷூவைப் பற்றி.

காலையில் போடும்போது நுழைகிற ஷூ சாயங்காலம் கழற்ற வரவில்லை என்றால் குறை ஷூவிலா, காலிலா? ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் கால் எப்படி இருந்தது என்று நான் பார்த்தவள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுகிறதா? சிறுநீர் சரியாகப் போகிறதா? மழுப்பாமல் எழுதுங்கள். காது மந்தமான பொம்பளைக்குக் கண்ணும் மந்தம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையே?

இந்தக் கடிதத்தை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். பதில் உடனே வேண்டும். போன் செய்தாலும் சரி, கத்துகிற கத்தலைத் தெரு கேட்டாலும் சரி.

அத்தை

*

ஜூலை 11

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பயப்படாதே. ஆபத்து இப்போது தாண்டிவிட்டது. தாண்டிய பிறகுதான் எழுத வேண்டும் என்று இவ்வளவு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்லியிருந்தால் உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும், மீதிப் பாதியை நீயே பயங்கரமாக நிரப்பிக்கொண்டிருப்பாய்.

உன் கடிதம் வந்த அன்றே இவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்தது. இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். உடம்பு கிட்னியைத் துரத்த ஆரம்பித்துவிட்டது என்றார்கள். ஊசிக் குழாயை விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதியும் செய்தார்கள். டாக்டர் இவரிடம் மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்றார். மறுபடி கேட்டார். இவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். மூன்றாவது தடவை உண்மை வந்தது. மார்ச் கடைசியிலிருந்து ஸ்டீராய்டில் பாதி, பிறகு மற்றதிலும் பாதி, சில நாள் ஒன்றுமே இல்லை. என் கண் முன்னால்தான் டப்பாவைத் திறந்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். பாதியை நகத்தால் உடைத்துச் சட்டைப் பையில் போடுவது எனக்குத் தெரியவில்லை.

யாரைக் கேட்டுக் குறைத்தீர்கள் என்றார் டாக்டர். இவர் சொன்னது:

"அத்தை சொன்னாங்க."

"எந்த அத்தை? டாக்டரா?"

"இல்ல சார். கிட்னி குடுத்தவங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

இப்போது கேள். கிட்னியைக் காப்பாற்ற எந்த ஸ்டீராய்டைக் குறைத்தாரோ அதையே மூன்று நாள் நரம்பு வழியாகக் கொட்டினார்கள். சர்க்கரை எகிறிவிட்டது. தினமும் இன்சுலின். அதுவும் இனிமேல் நிற்குமா என்று தெரியவில்லை என்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வானொலியைத் தோற்கடித்த லட்சணம் இது. எனக்கு உங்கள் இரண்டு பேர் மீதும் வருகிற ஆத்திரத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். இவருக்கு எழுது. திட்டு. ஆனால் எழுது.

உன் மகள்

*

ஜூலை 17

மாப்பிள்ளைக்கு.

சுகமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. நேரே கேட்கிறேன்.

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையாவது கேட்டிருக்கிறீர்களா? கல்யாணத்தன்று மீசையைக் குறைக்கச் சொன்னேன், கேட்டீர்களா? மாடி வீடு வேண்டாம், படி ஏற முடியாது என்றேன், கேட்டீர்களா? ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னேன், அன்றைக்கே குறைத்திருந்தால் உங்களுக்கு என் கிட்னியே தேவைப்பட்டிருக்காது. அதையெல்லாம் காற்றில் விட்டவர், தறியில் நின்றவள் மருந்தைப் பற்றி உளறிய ஒரே ஒரு வரியை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாரா? "டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்" என்றும் அதே பத்தியில்தானே எழுதினேன்? அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லையா?

நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். மாப்பிள்ளையை எங்கே போய் முடிச்சுப் போடுவது?

இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. வானொலி தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் சொன்னதால் மட்டும் நீங்கள் குறைத்திருக்க மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும். வேறு என்னவோ இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

அத்தை

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள அத்தைக்கு, வணக்கம். வீட்டுக்கு வந்துவிட்டேன். உட்கார்ந்து எழுத முடிகிறது.

டாக்டரிடம் உங்கள் பெயரைச் சொன்னது கோழைத்தனம். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது. உங்கள் கடிதம் எனக்குச் சாக்கு, அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி. இன்சுலின் போடுகிறவன் லிஃப்ட் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. கூண்டுக்கு மேலே நிற்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கினால் பதினாலு மாடி. நியாயமான விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பத்தொன்பது வயதிலிருந்து நான் அந்தக் கிணற்றுக்குள் இருக்கிறேன் அத்தை. டயாலிசிஸ் செய்த காலத்தில் எல்லோரும் என்னைப் பாவம் என்று பார்த்தார்கள். ஆபரேஷன் முடிந்து மறுபடி கூண்டுமேல் ஏறிய அன்றுதான் மனிதனானேன். ஜூன் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்தால் ஊசி, ஊசி என்றால் மேஜை வேலை. பரிசோதனை முடியும்வரை மட்டும் குறைப்போம், பிறகு பழையபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உங்களுக்குச் சர்க்கரை இறங்கியது என்று எழுதும்போது எனக்கே அதை நம்பத் தோன்றியது. நீங்கள் குழாயடியில் வாசித்தீர்கள் என்று தெரிந்த பிறகு திரும்ப வழி தெரியவில்லை.

இப்போது மேஜைதான். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்வார்கள், நான் பேச வேண்டும். நேற்று ஒரு வக்கீல் இருபது நிமிஷம் என்னைக் கிழித்தார். "உனக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தெரியுமா" என்கிறார். தெரியும் சார் என்றேன். நடுவில் ஊசி நேரம் வந்தது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வயிற்றில் குத்திக்கொண்டேன். அவர் திட்டுவதை நிறுத்தவே இல்லை.

கிட்னி வேலை செய்கிறது. கவலைப்பட வேண்டாம்.

மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 20

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. நான் சுகம், சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆலை மூடிய பிறகு ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து டிபன் கட்டி வைத்துவிட்டுப் போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் அந்த விஷயத்தில் உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மற்ற எல்லா விஷயத்துக்கும் திட்டு பாக்கி இருக்கிறது.

குழாயடிக்குப் போனேன். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எப்படி என்று கேட்டாள் ஒருத்தி. "கூடிப்போச்சு. தினம் ஊசி போடுறார். நான் பெருமைக்காக உங்ககிட்ட கதை அளந்தேன்" என்றேன். ஒருத்தி தண்ணீரை நிறுத்த மறந்து குடம் வழிந்தது. வீட்டுக்கு வந்து வானொலியிடமும் சொன்னேன். "எங்க வீட்டுச் சர்க்கரைன்னே வச்சுக்கோ. ஆள் இருந்தா போதும்." அவள் அழுதுவிட்டாள் மாப்பிள்ளை. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

இனிமேல் எனக்கு நல்ல சேதி எழுத வேண்டாம். சேதி எழுதுங்கள். கடைசி வரியில் "கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அப்படி எழுதினால்தான் எனக்குக் கவலையே வருகிறது.

அத்தை

*

ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மகள் சுகம். நான் எப்படி என்று கீழே எழுதுகிறேன்.

இன்று காலைச் சர்க்கரை இருநூற்றுச் சொச்சம். நேற்று இரவு பசி தாங்காமல் பிஸ்கட் தின்றேன், ஒரு பாக்கெட். எடை கூடியிருக்கிறது. கொழுப்புக்கும் ஒரு மாத்திரை சேர்ந்திருக்கிறது. எல்லா மாத்திரையையும் முழுசாகப் போட்டேன், உங்கள் மகள் எதிரில் நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். கிட்னி வேலை செய்கிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை. கொடுத்ததில் ஒரு பங்கு போய்விட்டது. அது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார் டாக்டர். உங்கள் மகளுக்கு ஜூலையிலேயே தெரியும். உங்களுக்கு எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. நல்ல கிட்னியாகத்தான் கொடுத்தீர்கள் அத்தை. நான்தான் கெடுத்துவிட்டேன்.

திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக எழுதுங்கள்.

மாப்பிள்ளை